மாதவரத்துப் பட்டறையில் கட்டிய குளிர்காலத் தண்ணீர் ஏற்பாடு: ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் காசா ஊர் வரை போய் வந்த பின் ஒரு மதிப்புரை

ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு உறைந்த தண்ணீர் என்றால் காசிமேட்டு ஐஸ் மட்டும்தான். மீன்பிடித் துறைமுகத்தில் டெம்போக்களில் ஏறி இறங்கும் ஐஸ் பாரைத் தவிர, தண்ணீர் தானாகக் கல்லாகிப் போவதை என் ஐம்பது வயதுக்குள் நான் கண்டதே இல்லை. ஆகவே ஒரு ஃபோர்ஸ் டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்றி, நவம்பர் கடைசியில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு மனைவி, மகன், மச்சான் ஆகியோரோடு போவது என்று முடிவானபோது, படுக்கையையும் அடுப்பையும்விட என்னை அதிகம் பயமுறுத்தியது வண்டிக்குள் ஓடவிருந்த தண்ணீர்க் குழாய்தான். மாதவரம் பக்கத்தில் உள்ள ஒரு வண்டிக் கட்டுமானப் பட்டறை, சாதாரணக் கேரவன் வேலைக்கு மேல் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு, ‘குளிர்காலத் தண்ணீர் ஏற்பாடு’ என்ற பெயரில் ஒரு தொகுப்பைப் பொருத்திக் கொடுத்தது. ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு அந்தத் தொகுப்பைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பட்டறையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் வேறு பட்டறைகளிலும் இதே தவறுகள் நடக்க வாய்ப்பு உண்டு என்பதால், பெயரைவிட விவரமே வாசிப்பவருக்குப் பயன்படும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மர வேலை அருமை. கின்னௌர் மாவட்டத்தில் பாறையைக் குடைந்து போட்ட சாலையில் இரண்டு நாள் குலுங்கியும் ஓர் அலமாரிக் கதவுகூடத் தளரவில்லை. மின்கம்பிகள் ஒவ்வொன்றிலும் எது எதற்கானது என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் ஃபியூஸ் தேடிய எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நாங்கள் கேட்காமலே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் படுக்கைக்கு அருகில் பொருத்தி, அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூடிய வண்டிக்குள் டீசல் ஹீட்டரை ஓடவிட்டுத் தூங்குபவர்களுக்கு அது இல்லாமல் இருக்கவே கூடாது.

தொகுப்பில் இருந்தவை இவை: வண்டியின் தரைக்கு அடியில் தொங்கும் நூறு லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி, அதன் அடிப்பகுதியில் ஒட்டிய 60 வாட் சூடேற்றும் பட்டைகள் இரண்டு, பின்பக்கப் பெட்டியில் 12 வோல்ட் பம்ப், பத்து லிட்டர் வெந்நீர்ப் பாய்லர், கழிவு நீருக்கு ஐம்பது லிட்டர் தொட்டி, வண்டிக்குள் அனல்காற்று வீசும் டீசல் ஹீட்டர், இவற்றை ஓட்ட 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. தொட்டியின் சூடு 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பட்டை தானாக எரியும், 20 டிகிரிக்கு ஏறினால் அணையும். காகிதத்தில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

சந்தேகம் காசிமேட்டில்தான் தொடங்கியது. என் தாய்மாமா மகன் அங்கே ஓர் ஐஸ் பிளாண்டில் மேற்பார்வை பார்க்கிறார். ஐஸ் பார் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர கேன்களை, அம்மோனியா ஓட்டிக் குளிரவைத்த பெரிய உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறக்கிவிடுவார்கள். அந்த உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரி வரை குளிர்ந்திருந்தும் உறையாமல் அலையடித்துக்கொண்டிருக்கும்; அதற்குள் நிற்கும் கேனில் உள்ள நல்ல தண்ணீரோ கல்லாகிவிடும். பட்டறையில் மிஞ்சிய குழாய்த் துண்டுகளில் இரண்டை எடுத்துப் போய், ஒன்றில் வீடுகளுக்குப் போடும் சிபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயும் எல்போ என்ற வளைவு இணைப்பும், மற்றொன்றில் பெக்ஸ் என்ற வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயும் இருக்குமாறு பார்த்து, தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இறுக அடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி அந்த உப்புநீரில் ஓர் இரவு தொங்கவிட்டோம். தண்ணீர் உறையும்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது. அந்த ஒன்பது பங்கு எங்கேயாவது போயாக வேண்டும். காலையில் எடுத்தபோது சிபிவிசி எல்போவின் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. பெக்ஸ் குழாய் நடுவில் சற்று உப்பியிருந்தது, அவ்வளவுதான். வெயிலில் வைத்ததும் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் விரிசலைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, “கேன்லயே ரொப்பி ரொப்பி ஊத்த மாட்டோம் சார், மேல கொஞ்சம் எடம் வுடணும். இல்லாங்காட்டி தகரமே வாயப் பொளந்துரும்” என்றார். பிறகு நான் படித்த பக்கங்கள் எல்லாவற்றிலும் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார்.

என் வண்டியிலோ பெக்ஸும் சிபிவிசியும் கலந்து கிடந்தன. உள்ளே சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் போகும் குழாய்கள் பெக்ஸ். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் இணைப்பு மட்டும், இரண்டு எல்போக்களோடு, சிபிவிசி. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்குப் பட்டறை மேஸ்திரி, “வூட்டுக்கெல்லாம் இதாண்ணா போடறோம், பத்து வருசம் ஒண்ணும் ஆவாது” என்றார். ராயபுரத்து வீட்டுக்கு அவர் சொன்னது சரிதான். பயணத் தேதி நெருங்கிவிட்டதால் நானும் வற்புறுத்தாமல் விட்டேன்; அந்தத் தவறில் பாதி என்னுடையது.

தமிழ்நாட்டில் கேரவன் கட்டும் பட்டறைகள் பலவும் சினிமாப் படப்பிடிப்பு வண்டிகளைக் கட்டிப் பழகியவை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அந்த வண்டிகளில் தண்ணீர் எப்போதும் நிரம்பியே இருக்கும்; ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்; ஏசி வேலை செய்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. குழாயைக் காலி செய்வது என்ற எண்ணமே அந்தத் தொழிலில் தேவைப்பட்டதில்லை. ஆகவே ‘குளிருக்கு ஏற்றபடி’ என்று நாம் சொல்லும்போது, அவர்கள் காதில் ‘சூடு ஏற்று’ என்று விழுகிறது. ‘தண்ணீரை வடித்துவிட வழி வை’ என்று விழுவதில்லை. என் தொகுப்பின் குறை முழுவதும் இந்த ஒரே புரிதலிலிருந்து கிளைத்தது என்பதே என் முடிவு.

ஜிஎன்டி சாலையில் செங்குன்றம் தாண்டி, விஜயவாடா, நாகபுரி, ஆக்ரா, டில்லி வழியாகச் சிம்லா சேரும் வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. நார்கண்டாவில் ஓர் இரவு பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. பட்டை எரிந்தது, காலையில் தண்ணீர் வந்தது, மச்சான் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு வாழ்த்துகூடச் சொன்னான். அதற்கு நான்கு நாள் கழித்து நாகோவில் தங்கினோம்.

நாகோ கிராமம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,660 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கே வெளியே மாட்டியிருந்த தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்றைக் காட்டியது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பதினொன்று. இரவு முழுவதும் தொட்டிப் பட்டையின் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்ததைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டு, அது நம்மைக் காக்கிறது என்ற நம்பிக்கையில் தூங்கினேன். ஐந்தரை மணிக்கு என் மனைவி டீ போடக் குழாயைத் திறந்தார். பம்ப் குர்ரென்று ஓடத் தொடங்கியது, நிற்காமல் ஓடியது, ஒரு சொட்டும் வரவில்லை. வழக்கமாகக் குழாயை மூடி அழுத்தம் ஏறியதும் பம்ப் தானாக நின்றுவிடும். சொட்டுகூட வராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது தண்ணீரை இழுக்கவே இல்லை என்று பொருள். உடனே சுவிட்சை அணைத்தேன். உறைந்த பம்பை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தலையும் ரப்பர்த் தகடும் சேதமாகும் என்று தெரிந்திருந்ததால், குறைந்தபட்சம் அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன்.

பின்பக்கப் பெட்டியைத் திறந்ததும் காரணம் வெட்டவெளிச்சமாயிற்று. அந்தப் பெட்டிக்கு வண்டியின் உள்ளேயிருந்து அனல்காற்று வர ஒரு துளைகூட இல்லை. மெல்லிய தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்பிட்டியின் காற்று. தொட்டியிலிருந்து தரையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறும் சிபிவிசி குழாயின் முதல் எல்போ வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தட்டினேன், கல்லைத் தட்டிய சத்தம். ஆனால் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தபோது தண்ணீர் கொட்டியது. நூறு லிட்டரும் தண்ணீராகவே இருந்தது.

உறையாத தொட்டியும் உறைந்த எல்போவும் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தன. ஏன் அப்படி என்பதற்குக் கணக்கு எளிது. பூஜ்யம் டிகிரிக்கு வந்துவிட்ட நூறு லிட்டர் தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாக வேண்டுமானால், அதிலிருந்து ஒன்பது யூனிட் மின்சாரத்துக்கு மேற்பட்ட வெப்பம் வெளியேற வேண்டும். அவ்வளவு வெப்பத்தை ஒரே இரவில் இழுத்துவிட, பதினொரு டிகிரிக் குளிருக்கு முடியாது. எல்போவையும் அதை ஒட்டிய அரை அங்குலக் குழாயையும் எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இராது. அது சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். அதாவது, காப்பு தேவைப்படாத இடத்தில் 120 வாட் செலவழித்துக்கொண்டு, காப்பு தேவைப்பட்ட இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். அந்தப் பட்டைகளில் ஒன்றைக்கூடத் தொட்டியில் ஒட்டாமல், குழாய்களில் சுற்றும் சிறிய சூட்டு நாடாவாக எல்போவிலும் பம்பிலும் கழிவுநீர் வால்விலும் போட்டிருந்தால், பாதி மின்சாரத்தில் வேலை முடிந்திருக்கும். பிறகு தாபோ கிராமத்தில் ஓர் இரவு வேண்டுமென்றே பட்டைகளை அணைத்துவிட்டுப் பார்த்தேன். காலையில் தொட்டி மூடியைத் திறந்தால், மேலே ஆறின பாலில் படியும் ஆடை போல மெல்லிய பனித்தகடு. விரல் பட்டதும் உடைந்துவிட்டது.

நாகோவுக்குத் திரும்புகிறேன். உறைந்த குழாயை இளக்கும்போது நெருப்பைக் காட்டக் கூடாது. வண்டிக்குள் ஒரு மூலையில், நம்மூர் வழக்கப்படி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நான் சென்னையிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அதிலிருந்து வெந்நீர் வைத்து, துண்டை நனைத்துப் பிழிந்து எல்போவில் சுற்றி, ஆறியதும் மாற்றி, மீண்டும் சுற்றி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். விரல் நுனிகள் மரத்துப்போய், துண்டு சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்றே தெரியாமல், தொட்டுப் பார்த்துச் சொல்லும்படி மகனிடம் சொன்னேன். கடைசியில் குழாய்க்குள் ‘டொக்’ என்று ஏதோ நழுவியது. அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தெரிந்தது. உறைந்திருக்கும்வரை விரிசல் ஒழுகாது; பனிக்கட்டியே அதற்கு அடைப்பு. இளகிய பிறகு எல்போவின் வளைவில், காசிமேட்டில் பார்த்த அதே இடத்தில், அதே மயிரிழை விரிசல். பம்புக்கு முந்தைய இழுப்புப் பக்கம் என்பதால் அங்கே தண்ணீர் ஒழுகியதைவிடக் காற்று உள்ளே போனதுதான் பெரிய சிக்கல். பம்ப் ஓடினால் காற்றைத்தான் இழுத்தது. மச்சான் கிராமத்துக்குள் போய் எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் டியூபை வாங்கி வந்தான். அதை நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்து நான்கு சுற்று சுற்றி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கினோம். ராயபுரத்தில் வீட்டுக் குழாய்க்கு எத்தனையோ முறை செய்த வைத்தியம் அது. அந்த டியூபோடுதான் சென்னை வரை திரும்பி வந்தோம்.

அதே காலையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரம். இரண்டு பட்டைகளும் பதினான்கு மணி நேரம் அணையாமல் எரிந்ததில் ஒன்றே முக்கால் யூனிட் அங்கேயே போய்விட்டது. தொட்டி வெட்டவெளியில் தொங்கியதால், 20 டிகிரி என்ற அணையும் எல்லையைப் பட்டைகள் ஒருமுறைகூடத் தொடவில்லை. மீதியை ஹீட்டரின் விசிறி தின்றது. சரி, இன்ஜினை ஓட்டிச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால் பேட்டரி ஏற்க மறுத்தது. அது இருந்ததும் அனல் எட்டாத பின்பெட்டியில்தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைப் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகச் சேதமடையும் என்பதால், அதற்குள் இருக்கும் காவல் மின்சுற்று சார்ஜை நிறுத்திவிடும். மின்சுற்று தன் கடமையைச் சரியாகச் செய்தது. பேட்டரியை அங்கே வைத்தவர்தான் யோசிக்கவில்லை. ஹீட்டரின் குழாய் ஒன்றைத் திருப்பி, பின்பெட்டியின் உட்பலகையில் ஒரு துளை போட்டு அனலைச் செலுத்தி, மதியம் வரை காத்திருந்தோம். அந்தத் துளையைப் பட்டறையிலேயே போட்டிருந்தால் பம்ப், எல்போ, பேட்டரி மூன்றுமே தப்பியிருக்கும்.

ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதவரத்துக் கடல் மட்டக் காற்றுக்கு அளந்து வைத்த டீசல் அளவு, காற்றின் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும் உயரத்தில் கூடுதலாகிவிடும். புகை கக்கும், கரி படியும். உயரத்துக்கான அமைப்பை மாற்றும் பொத்தான் அதிலேயே இருந்தது, எங்களுக்கு யாரும் காட்டவில்லை. சாதாரண டீசலும் கடுங்குளிரில் மெழுகு போலக் கெட்டியாகும். 2019-இல் இந்தியன் ஆயில் லடாக்குக்காக −33 டிகிரி வரை இளகி ஓடும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்ததே அதனால்தான். எங்கள் பயணத்தின் குளிருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

பட்டறை மீது எனக்கு உண்மையாகவே கோபம் வந்த விஷயம் வேறு. வண்டியை ஒப்படைத்த அன்று, “ரொம்பக் குளிரா இருந்தா இத தொட்டில கொஞ்சம் ஊத்திக்கங்க” என்று சொல்லி, ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை நிறக் கூலன்ட் இரண்டு லிட்டரை ஓர் உதவியாளர் கையில் கொடுத்தார். ரேடியேட்டர் கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது நஞ்சு, இனிப்பாக வேறு இருக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கக்கூடியது. குடிக்கிற தண்ணீர் ஓடும் குழாயில் அதன் ஒரு துளியும் படக் கூடாது. கேரவன் குழாய்களுக்கு என்று வெளிநாடுகளில் விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். உணவிலும் மருந்திலும் அனுமதிக்கப்பட்ட பொருள் அது. பெயரில் முதல் சொல் மட்டும்தான் வேறு. நான் பாரிமுனைப் பக்கம் ஒரு ரசாயனக் கடையில் மருந்துத் தரப் புரோப்பிலீன் கிளைக்கால் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டேன். சரிபாதி தண்ணீர் கலந்தாலும் அது −30 டிகிரிக்குக் கீழேதான் உறையும். காசிமேட்டு உப்புநீர் உறையாமல் நிற்கும் அதே தத்துவம்தான். உப்பு இரும்பை அரிக்கும், இது அந்த அளவுக்கு அரிக்காது. பட்டறை உரிமையாளரிடம் கூலன்ட் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த உதவியாளரை அழைத்து என் எதிரிலேயே விளக்கினார். அறியாமைதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தண்ணீர் ஏற்பாடு என்று தனிப் பெயர் வைத்துக் காசு வாங்குபவர்களுக்கு இந்த ஒரு அறியாமையை மன்னிக்க முடியாது.

அந்தத் திரவத்தைக் குழாய்களில் ஓட்டவும் வழி அமைக்கவில்லை. பாய்லரைச் சுற்றிப் போக ஒரு பைபாஸ் வால்வு இருந்திருந்தால், பாய்லரைக் காலி செய்துவிட்டு, குழாய்களை மட்டும் இரண்டு, மூன்று லிட்டரில் நிரப்பியிருக்கலாம். அது இல்லாததால் முதலில் பாய்லரின் பத்து லிட்டர் நிரம்ப வேண்டும். கையில் இருந்த ஐந்து லிட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலும் குளியல் தரையின் அடியிலும் உள்ள வளைகுழாய்களில் இரவுதோறும் ஒரு டம்ளர் ஊற்றவும், கழிவறையின் கழற்றக்கூடிய கழிவுப் பெட்டியான கேசட்டைக் கழுவவும் மட்டும் பயன்படுத்தினேன். அந்த அளவில் நன்றாகவே வேலை செய்தது.

நாகோவுக்குப் பிறகு நாங்கள் கடைப்பிடித்த முறை பட்டறை சொன்னதற்கு நேர்மாறானது: சாயங்காலம் ஐந்து மணிக்கே வண்டியின் குழாய்களை முழுக்கக் காலி செய்துவிடுவது. சொல்வது எளிது. தொட்டியின் அடியில் ஒரே ஒரு வடிகுழாய்தான் இருந்தது. அதைத் திறந்தால் தொட்டி காலியாகுமே தவிரக் குழாய்கள் காலியாகா. பம்புக்கு அப்பால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறது. இளநீர் ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இளநீர் எப்படி நிற்குமோ, அப்படித்தான் அங்கே தண்ணீர் நிற்கும். எனவே உள்ளே உள்ள எல்லாக் குழாய்களையும், குளிர்நீர், வெந்நீர் இரண்டு பக்கமும் திறந்துவைத்து, ஷவரின் கைப்பிடியைத் தரையில் போட்டு, பம்பைச் சில நொடிகள் வெறுமனே ஓடவிட்டு அதன் வயிற்றில் உள்ளதைத் துப்பவைத்து, பாய்லரின் திருகைக் கழற்றி, அதற்கு மேலும் வளைவுகளில் தங்குவதை டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸரால் ஊதித் தள்ள வேண்டியிருந்தது. காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து, தண்ணீர் தெறிப்பது நின்று வெறும் காற்று வரும்வரை ஊதினோம். முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. காசாவில் நான்காம் நாள் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம். அங்கே ஓர் இரவு −14 வரை போனது. ஒன்றும் உடையவில்லை, ஏனென்றால் உடைவதற்கு உள்ளே எதுவும் இல்லை.

குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன்கள் இரண்டு, வண்டியின் உள்ளே, ஹீட்டர் வீசும் இடத்தில். காசாவில் குளிர்காலத்தில் குழாய்நீரை எதிர்பார்க்க முடியாது; அருகிலிருந்த விடுதியில் கேட்டு நாளுக்கு இரண்டு கேன் நிரப்பிக்கொண்டோம். என் மனைவி தண்டையார்பேட்டையில் அடிபம்பிலும் லாரியிலும் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர். “நாலு பேருக்கு நாப்பது லிட்டர் தாராளம், எங்க தெருவுல இத வெச்சு ரெண்டு நாள் ஓட்டுவோம்” என்று சொல்லி, கேனுக்கு ஒரு சொம்பை ஒதுக்கிவிட்டார். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்த் தொகுப்பு வண்டிக்கு அடியில் காலியாகத் தொங்க, நாங்கள் சொம்பில் மொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தோம்.

கழிவுநீர்த் தொட்டியில் நானாகச் செய்த ஒரு தவறையும் எழுதிவிடுகிறேன். வால்வைத் திறந்தே வைத்தால் கழிவுநீர் தங்காமல் ஒழுகிப் போய்விடும், உறைய இடமிருக்காது என்று நினைத்தேன். மெல்ல மெல்லச் சொட்டுகிற தண்ணீர்தான் வெளிக்குழாயில் அடுக்கடுக்காக உறைந்து, மெழுகுவர்த்தி வடிந்தது போலக் கெட்டித்து அடைத்துக்கொண்டது. அதன் பிறகு வால்வை மூடி, பாத்திரம் கழுவிய தண்ணீரை உள்ளே ஒரு பக்கெட்டில் பிடித்துவைத்து, பகலில் விடுதியின் கழிவுத் தொட்டியில் கொட்டினோம். இரவில் சமையல் மேடைக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பதும் நல்லது. அறையின் அனல் குழாய்களுக்கும் போகும். இதைப் பட்டறை உரிமையாளர்தான் சொன்னார், அது சரியான யோசனை.

சென்னை திரும்பியதும் அந்த உடைந்த எல்போவை டியூபோடு கழற்றிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன். மறுத்துப் பேசவில்லை. பம்பையும் பேட்டரியையும் உட்பக்கம், இருக்கைக்கு அடியில் மாற்றி, இழுப்புக் குழாயைப் பெக்ஸ் ஆக்கி, கூலிக்குக் காசு வேண்டாம், சாமானுக்கு மட்டும் கொடுங்கள் என்றார். செம்புதாஸ் தெருவில், தண்ணீரை வடித்துவிட, அரை அங்குலப் பித்தளைப் பந்து வால்வுகள் (ball valve) மூன்றை நானே போய் வாங்கி வந்தேன்; மூன்றும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. குளிர்நீர்க் குழாய், வெந்நீர்க் குழாய், பம்பின் அடி ஆகிய மூன்று தாழ்வான இடங்களில் அவற்றைப் போட்டதும், இருபத்தைந்து நிமிட வேலை ஐந்து நிமிடமானது. முழுத் தொகுப்பிலும் விலை குறைந்த பொருள் இதுதான். முதலில் போட்டிருக்க வேண்டியதும் இதுதான்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், கட்டுமானத்துக்கு நான்கரை, வேலையாட்களின் பணிவுக்கும் பிறகு செய்து கொடுத்த திருத்தத்துக்கும் நான்கு, ‘குளிர்காலத் தண்ணீர் ஏற்பாடு’ என்ற தொகுப்புக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று டீசல் ஹீட்டருக்கு. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு வரை போகிறவர்களுக்கு இந்தத் தொகுப்பே தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் தொட்டியை நிறைத்து வைத்து, பம்பு இருக்கும் பெட்டியில் ஒரு பழைய கம்பளியைத் திணித்தால் போதும். இமயமலைக்குப் போகிறவர்கள் இதே பட்டறைக்குப் போகலாம், நானும் மறுபடி அங்கேதான் போவேன். ஆனால் தொட்டிக்குச் சூட்டுப் பட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசில் பம்பும் பேட்டரியும் அனல் படும் இடத்தில் வரவும், குழாய் முழுவதும் பெக்ஸ் ஆகவும், மூன்று வடிவால்வும் ஒரு பைபாஸும் இருக்கவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும் முன் பட்டறை வாசலிலேயே ஒருமுறை தொட்டியை நிரப்பி, முழுவதும் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

என் வண்டிக்கு அந்தப் பைபாஸ் வால்வு இன்னும் வந்து சேரவில்லை. பொங்கலுக்குள் போட்டுவிடலாம் என்கிறார் உரிமையாளர். பாய்லருக்குப் பின்னால் கை நுழைய இடமில்லை, மர அலமாரியைக் கழற்ற வேண்டும், அவ்வளவு அழகான வேலையைக் கழற்ற மனம் வரவில்லை என்கிறார் மேஸ்திரி.